அமுதவல்லி கேட்டவை

ராஜவேலுக்கும் அவர் மனைவி அமுதவல்லிக்கும் மூலக்குளத்துப் போன் கடைக்காரர் ஒரே மெயில் ஐடியைப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதனால் அவள் கூகுளிடம் வாயால் கேட்பதெல்லாம் இவர் போனிலும் வந்து நிற்கும்.

ஒருநாள் வேலையிடத்தில் பார்த்தார்: "இடது கை மரத்துப்போனா என்ன வியாதி."

வீட்டுக்கு வந்து சிரித்தார். "வாயுப் புடிப்புக்கு இவ்ளோ ஆராய்ச்சியா, டாக்டரம்மா?"

"சிரிக்க மட்டும் ஆளு இருக்கு" என்றாள். மறுநாள் காலை, பால் காய்ச்சும்போது விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் போனை மகள் பூவிழி அணைத்து பீரோவில் வைத்தாள்.

காரியம் முடிந்து பூவிழி கருவடிக்குப்பத்திலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பிப் போன பிறகு, ராஜவேலின் போனில் புதிதாக ஒன்று வந்திருந்தது: "வீட்டுக்காரர் சரியா சாப்பிடல, என்ன குடுக்கலாம்."

பீரோவைத் திறந்தார். அவள் போன் அணைந்தேதான் கிடந்தது. அன்றிலிருந்து வேளாவேளைக்குச் சாப்பிட்டார். கேள்விகள் நின்றுபோயின. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தான் தினமும் போடும் சர்க்கரை மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினார்.

"சர்க்கரை மாத்திரை நிறுத்தினா கண்ணு போயிடுமா" என்று வந்தது. அதையே நாள்கணக்கில் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு கிடந்தார். எழுத்துகள் மங்கத் தொடங்கியிருந்தன.

ஒருநாள் சாயங்காலம் பூவிழி போனில் கூப்பிட்டாள். "மாத்திர போட்டியாப்பா?"

"போட்டுட்டேம்மா."

பேசி முடித்ததும் கூகுளைத் திறந்தார். புதிதாக ஒரு வரி இருந்தது. போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"வீட்டுக்காரர் பொய் சொல்றாரு, நான் யார்கிட்ட சொல்றது."