ஸ்டீயரிங்கில் ஒரு வளையம்

சன்னலில் முழங்கையைப் போட்டு, உள்ளங்கையை வெளியே தொங்கவிட்டபடி லாரி ஓட்டிய பழக்கத்தில்தான் அங்கமுத்துவின் வலது கை போனது. உரசிச் சென்ற பேருந்து மணிக்கட்டோடு கொண்டுபோய்விட்டது. காயம் ஆறியதும் அவன் செய்த முதல் வேலை, பட்டறைக்குப் போய் ஸ்டீயரிங் கம்பியில் ஓர் இரும்பு வளையத்தை வெல்டிங் வைத்ததுதான். மொட்டைக் கையை அதற்குள் நுழைத்துச் சுழற்றினால் வண்டி சொன்னபடி கேட்டது. கியருக்கு இடது கை இருந்தது.

லோடு ஏற்றி நின்ற லாரிக்கு முன்னால் முதலாளி செங்கோட்டுவேல் வந்து மறித்தார்.

“எறங்குடா. வேற டிரைவர் வெச்சாச்சு. அந்த இரும்ப அறுத்துப் போட்டுட்டு வூட்டுக்குப் போ.”

“ஒருக்கா அறுபட்டது போதுங்க. இத அறுக்க உடமாட்டனுங்க.”

அவர் நகரவில்லை. அங்கமுத்து மொட்டைக் கையால் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இஞ்சினை முடுக்கி முதல் கியர் போட்டான். பிறகு அந்தக் கையை, அது பறிபோன அதே சன்னல் வழியாக முழுசாக வெளியே நீட்டி, ஓரம் போகும்படி அவருக்குச் சைகை காட்டினான்.