படகில் ஒன்பது கொப்புளம்

“உன் கைதான், அசரியா! வேற எவன் கை பட்டுச்சு இதுல?”

குமரவேல் போட்ட சத்தத்தில், பம்மல் ரோட்டில் போன ஷேர் ஆட்டோகூட நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. அவர் பட்டறையில் செய்து முட்டுக்காடு ரிசார்ட் ஒன்றுக்கு அனுப்பிய இரும்புப் படகு, மூன்றே மாதத்தில் லாரி ஏறித் திரும்பி வந்திருந்தது. தண்ணீருக்குள் இருக்கும் முன்பக்கத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தது.

கூட வந்த ரிசார்ட் இன்ஜினியர் வினிதா, ஒன்றை ஊசியால் குத்தினாள். சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. அதற்கு அடியில் பழுப்பாகத் துரு.

“பெயின்ட் மேல தப்பில்ல சார். அடியில உப்பு மாட்டிக்கிட்டா, அது தண்ணிய உள்ள இழுத்துடும். அப்புறம் கொப்புளம், துரு எல்லாம் தானா வரும்.”

“உப்பா? கடல் எங்க கீது, பம்மல் எங்க கீது மேடம்?”

“கடலே வேணாம் சார். மணல் அடிச்சுச் சுத்தம் பண்ண வெறும் இரும்பைக் கையால தொட்டாலே போதும், வேர்வை உப்பு ஒட்டிக்கும். இதுல இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் நாலு. போன படகுலயும் இதே இடம், இதே ஒம்போது. மூணாவதும் இப்படி வந்தா, மிச்ச ஆறு படகும் வேற பட்டறைக்குப் போயிடும்.”

“எண்ணி எண்ணிக் கெடுத்துகிறான் பாருங்க!” என்றார் குமரவேல்.

பெயின்ட்டர் அசரியாவின் முகம் சுண்டிவிட்டது. “இன்னாண்ணா பேசுற? போர் தண்ணி உப்புன்னு, குடிக்கிற கேன் தண்ணியில கழுவினேன். துணி பட்டுச்சே தவிர என் விரல் படல.”

“அடுத்த படகுல ஒரே ஒரு கொப்புளம் வரட்டும். நீ வேற பட்டறை பாத்துக்க.”

சொன்ன பிறகு குமரவேலுக்கே நெஞ்சு வலித்தது. பதினோரு வருஷமாக அசரியா அடித்த பெயின்ட்டில்தான் பட்டறை பெயர் வாங்கியது. ஆனால் அந்த ஆறு படகும் போனால், பெயர்ப் பலகையைக் கழற்றி வைக்க வேண்டியதுதான்.

மூன்றாவது படகுக்கு அவர் செய்த காவல், கல்யாண வீட்டு நகைக்குக்கூட யாரும் செய்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் க்ளவுஸ் வாங்கி வந்தார். முதல் ஜோடியைத் தானே மாட்டிக்கொண்டார். எந்தக் காலத்திலோ கட்டிங் மெஷின் கொண்டுபோன மோதிர விரலின் இடம் மட்டும் வலது க்ளவுஸில் காலியாக ஆடியது.

மணல் அடித்து, கேன் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைக்கும் வரை படகின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீ கொண்டு வந்தவரைப் பத்தடி தள்ளியே நிறுத்தினார். மேலே பறந்த காக்காயை விரட்டினார். பொறுக்க முடியாமல் அசரியா கேட்டேவிட்டான்.

“காத்து படலாமாண்ணா, அதுக்கும் க்ளவுஸ் மாட்டணுமா?”

“வாய மூடிகினு வேலயப் பாரு.”

இடுப்பு உயர ஸ்டாண்டில் படகு வெள்ளிப் பாத்திரமாக மின்னியது. ப்ரைமரைக் கலக்கி, ரோலரைக் கையில் எடுத்தான் அசரியா.

“இருடா, அவசரக்குடுக்க!”

குமரவேல் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். எந்தப் படகானாலும் முதல் கோட்டுக்கு முன்னால் அவர் கும்பிடாமல் வேலை ஆரம்பித்ததில்லை. க்ளவுஸையும் கழற்றினார். க்ளவுஸ் போட்டுக்கொண்டா சாமி கும்பிடுவது? வழக்கம்போலப் படகின் முன்னால் நின்று, கண்ணை மூடி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

இரும்புக்கு ஒரு சாண் இருக்கும்போது, யாரோ அவர் மணிக்கட்டு இரண்டையும் கெட்டியாகப் பிடித்தார்கள்.

கண்ணைத் திறந்தார். ரோலரைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்திருந்த அசரியா, அவருடைய இடக்கையைப் பார்த்தான். பிறகு வலக்கையைப் பார்த்தான். பதினைந்து நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவன் முகத்துக்குத் திரும்பி வந்தது.

“அண்ணா, உனக்கு மொத்தம் ஒம்போது விரல்தானே?”