சுவீடனில் மதியச் சாப்பாடு

"அந்தப் புத்தகத்தை வேற யாருமே கேக்கறதில்ல, பொன்னி அக்கா. நீங்களே வச்சிக்குங்க" என்றான் நூலகர் தேவநாதன்.

"அதெல்லாம் வேணாம் சார். பதினஞ்சு நாள் முடிஞ்சி போச்சி. மறுபடியும் என் பேர்ல எழுதிக் குடுங்க."

தேவநாதன் சிரித்துக்கொண்டே பதிவேட்டை எடுத்தான். திண்டிவனத்தில் அந்தச் சின்ன நூலகத்துக்கு ரெண்டு வருஷமாக வருகிறாள் பொன்னி. கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை. எண்பது பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள். எடுப்பது எப்போதும் ஒரே புத்தகம். சுவீடன் நாட்டின் வரலாறு, மக்கள், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் சொல்லும் பழைய புத்தகம் அது. அட்டை கிழிந்து போனதால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி பிரவுன் பேப்பர் போட்டு வைத்திருந்தாள்.

'என் பையன் அங்கதான் சார் இருக்கான்' என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து நூலகத்தில் அவளுக்கு 'ஃபாரின் அம்மா' என்று பேர்.

"பையன் போன் பண்ணாரா?"

"இல்ல சார்."

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். தேவநாதனுக்குத்தான் கேட்கச் சங்கடமாக இருக்கும். வீட்டில் அவளுக்கு வேறு யாரும் கிடையாது. எண்பது பேருக்கு உப்பு பார்க்காமல் சமைத்துவிடுகிறவளுக்கு, ஒரு ஆளுக்கு உலை வைக்க மட்டும் இன்னும் அளவு பிடிபடவில்லை. தினமும் சோறு மிஞ்சிப் போகிறது என்று ஒருநாள் சொல்லியிருக்கிறாள்.

அவித்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்தை அவன் மேசையில் வைத்துவிட்டு, பொன்னி புத்தகத்தைப் பிரித்தாள்.

"இங்க பாருங்க சார். அவங்க ஊர்லயும் ஒரு காலத்துல பஞ்சமாம். மரப்பட்டையை இடிச்சி மாவுல கலந்து ரொட்டி சுட்டுத் தின்னிருக்காங்க. லட்சம் லட்சமா ஜனங்க கப்பலேறி அமெரிக்கா போயிட்டாங்களாம்."

"அதெல்லாம் அப்போ. இப்ப பணக்கார நாடுக்கா."

"தெரியும் சார். பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைக்கும் மதியச் சாப்பாடு இலவசம், நம்மள மாதிரியே. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்." சொல்லும்போது அவள் முகமே மாறியது. "உருளைக்கிழங்கு, மீனு, பாலு... வயித்துக்கு வஞ்சனையில்லாம போடறாங்க சார்."

அவள் சந்தோஷத்தைப் பார்த்ததும் தேவநாதனுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. போனை எடுத்தான்.

"உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். அந்த ஊர்ல ஒரு வழக்கமாம். ஒரு வீட்டுக்கு இன்னொரு வீட்டுப் புள்ளை விளையாட வந்திருக்கும். சாப்பாட்டு நேரம் வந்தா வீட்டுக்காரங்க மட்டும் போயி சாப்பிடுவாங்களாம். வந்த புள்ளை அவங்க முடிச்சிட்டு வர்ற வரைக்கும் ரூம்லயே காத்துக்கினு இருக்கணுமாம். எப்படி இருக்கு கூத்து!"

பொன்னி சிரிக்கவில்லை.

"ஒரு வாய் கூடவா குடுக்க மாட்டாங்க?"

"அதுக்கு அது வீட்ல சமைச்சி வச்சிருப்பாங்க, நாம குடுத்தா தப்புன்னு நினைப்பாங்களாம். எல்லா வீட்லயும் இல்லக்கா. சில வீட்லதான். அதுவும் அப்போ."

"அப்போன்னா எப்போ சார்?"

"எண்பது, தொண்ணூறுல வளந்தவங்கதான் எழுதிக்கினு இருக்காங்க."

பொன்னி பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு அசைய விரல்விட்டு எதையோ எண்ணினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் சார், அந்த ரூமுக்குக் குழம்பு வாசனை வருமில்ல?"

அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கி பிரவுன் பேப்பர் மேல் விழுந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அய்யோ அக்கா, இது சின்னப் புள்ளைங்க சமாச்சாரம். உங்க பையனுக்கு என்ன வந்துச்சு? வேலைக்குப் போன பெரிய ஆளு. நினைச்சா ஓட்டல்ல சாப்பிடப் போறாரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபம் தேவநாதனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"தப்பா நினைக்காதீங்கக்கா. ரெண்டு வருஷமா பாக்கறேன். ஒரு போன் உண்டா, ஒரு லெட்டர் உண்டா? அவன் ஊரைப் பத்தி நீங்க படிச்சிப் படிச்சி உருகறீங்க. பெத்த அம்மாவை இப்படி அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டானே, அவனெல்லாம் ஒரு புள்ளையா?"

பொன்னி சட்டென்று நிமிர்ந்தாள்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க சார். அவனுக்கு என் பேரு கூடத் தெரியாது. பால் வாங்க வழியில்லாம, எங்கயாவது போயி வயிறாரச் சாப்பிடட்டும்னு, பதினோரு மாசத்துப் புள்ளையை அந்த ஊர்க்காரங்க கையில நான்தான் சார் தூக்கிக் குடுத்தேன்."