புது டிரான்ஸ்மிட்டர்

"உள்ளே மெல்லிசா ஒரு தகடு இருக்குங்க. தண்ணி அழுத்தினா அது வளையும். எவ்வளவு வளையுதுன்னு சென்சார் பார்க்கும். சர்க்யூட் அதைக் கரண்ட்டா மாத்தி உங்க திரைக்கு அனுப்பும்."

"அழுத்தினா உடனே சொல்லிடுமா? மனுஷங்களுக்கு அது வரலையே சார்!"

மெக்கானிக்கும் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டரும் முதன்முதலாகப் பேசியது இதுதான். அன்றிலிருந்து சோப்பு ஆலையின் தண்ணீர்க் குழாயில் இருந்த அந்த பிரஷர் டிரான்ஸ்மிட்டர் வாராவாரம் மக்கர் செய்தது. திரையில் அளவு அசையாமல் நிற்கும். கன்ட்ரோல் ரூமிலிருந்து அவள் போன் செய்வாள். அவன் ஓடி வருவான். அரை மணி அரட்டைக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும்.

பொறுத்துப் பார்த்த மேனேஜர், புதிதாக ஒன்றை மாட்டச் சொல்லிவிட்டார். அவள் முகம் தொங்கிப்போனது. இனி அவன் இந்தப் பக்கம் எதற்கு வருவான்?

மாட்டிய அன்றே திரையில் அளவு அப்படியே நின்றது. அவள் திகைத்துப் போய் போனை எடுப்பதற்குள் அவனே வாசலில் நின்றான்.

"என்னங்க, புதுசும் படுத்துதா?"

இருவரும் குழாயடிக்குப் போனார்கள். டிரான்ஸ்மிட்டருக்குத் தண்ணீர் விடும் சின்ன வால்வு இறுக மூடியிருந்தது.

"யாரோ மூடியிருக்காங்க" என்றான்.

"ஐயோ, சத்தியமா இன்னிக்கு நான் மூடலை!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியும். இன்னிக்கு மூடினது நான்" என்று அசடு வழிந்தான். "புதுசாச்சே, நீங்க கூப்பிடாமலே இருந்துடுவீங்களோன்னு..."

அவள் வால்வைத் திறந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என் தகடு இதுக்கு மேல வளையாது சார். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"