ஹெர்மிலோவுக்கு ஒரு நாற்காலி

"மூணு புட்டி அவருக்கு எந்த மூலைக்கு? நாலாவதா ஒண்ணு வரைஞ்சிடு தம்பி."

கீழே நின்று காசில்தா சொல்ல, ஏணி மேல் நின்ற லிசாந்த்ரோ பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் நாலாவது மெஸ்கால் சாராயப் புட்டியை வரைந்தான்.

செத்தவர்கள் ஊருக்கு வந்துபோகும் நாளுக்கு இன்னும் ஒரே வாரம். சந்தைச் சுவர் நெடுக, ஊரில் காலமானவர்கள் எல்லாம் ஓவியமாக, மண்டையோட்டு முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் வீட்டார் வந்து பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். காசில்தா மட்டும் தினமும் வந்தாள். அவள் புருஷன் ஹெர்மிலோ போய்ச் சேர்ந்து எட்டு மாதம்.

"நிக்க வைக்காதே. அவருக்கு முழங்கால் வலி. நல்லா சாய்ஞ்சுக்கிற மாதிரி நாற்காலி போடு."

போட்டான்.

"டோமினோ ஆட ஆள் வேணாமா? முன்னாடியே போன கூட்டாளிங்க ரெண்டு பேரையும் பக்கத்துல உட்கார வை."

வைத்தான். காலடியில் ஒரு சண்டைச் சேவலையும் கட்டினான்.

காய்கறிக்கடை எல்வீரா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொண்டாட்டின்னா இவதான்! எத்தனை அடி வாங்கினா! ஒண்ணையாவது மனசுல வச்சிருக்காளா பாரு!"

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியாரும் விடவில்லை. "மனைவிமார்களே, காசில்தாவைப் பாருங்கள்" என்றார்.

மனைவிமார்களைவிடக் கணவன்மார்கள்தான் நெகிழ்ந்துபோய்ப் பார்த்தார்கள்.

"கேட்டியா? நான் போனா நீ ஒரு மெழுகுவத்தியாவது ஏத்துவியா?" என்று கோயில் வாசலிலேயே ஆரம்பித்தான் எல்வீராவின் புருஷன்.

"நீ முதல்ல போ. அப்புறம் பார்க்கலாம்."

லிசாந்த்ரோவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவன் அதே தெருக்காரன். காசில்தாவின் முன்பல் இரண்டும் தெறித்த அன்று மருந்துக்கடைக்கு ஓடி மருந்து வாங்கி வந்தவன். இப்போது அதே கையால் ஹெர்மிலோவின் வாயில் சுருட்டு வைக்க வேண்டியிருந்தது.

பண்டிகைக்கு முதல் நாள் காசில்தா மூன்று கூடை துலுக்கச் சாமந்தியோடு வந்தாள். கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்து சந்தைச் சுவர் வரைக்கும், குனிந்த முதுகு நிமிராமல், இதழ்களை உதிர்த்து ஹெர்மிலோவுக்குப் பாதை போட்டாள். ஊரே ஒதுங்கி நின்று வழிவிட்டது. எல்வீரா விக்கி விக்கி அழுதாள்.

கூட்டம் கலைந்ததும் லிசாந்த்ரோ ஏணியிலிருந்து குதித்தான்.

"அக்கா, உங்களுக்கு ரோஷமே கிடையாதா? ஒரு நாளாவது உங்களை மனுஷியா நடத்தினாரா அந்த மனுஷன்? அவருக்குப் போய் இந்த ராஜ உபசாரமா?"

காசில்தா அக்கம்பக்கம் பார்த்தாள்.

"கத்தாதே. செத்தவங்க எந்த இடத்துக்கு வருவாங்க?"

"படம் வச்சு, பிடிச்சதைப் படைச்ச இடத்துக்கு. அதுக்கென்ன?"

"வீட்டுல இருந்த ஒரே போட்டோவையும் உன்கிட்ட கொடுத்துட்டேன். திருப்பிக் கொடுத்துத் தொலைக்காதே, சுண்ணாம்போட சேர்த்துப் பூசிடு."

சுவரை ஒரு தடவை மேலும் கீழும் திருப்தியாகப் பார்த்துக்கொண்டாள்.

"இத்தனை வசதியையும் விட்டுட்டு, அவன் எதுக்குடா தம்பி என் வீட்டுக் கதவைத் தட்டப் போறான்?"