பாதி வழியில் ஒரு காத்தாடி

பால் பாட்டிலுக்குள் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்வீட்டுத் தையல்காரக்கா ஒரு பேப்பரோடு சமையலறைக்கே வந்துவிட்டார்.

"ஒரு கையெழுத்துப் போடு. ஆஸ்பத்திரிக்கு மனு."

எங்கள் நாலு தெருவுக்கும் அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுதான் கதி. கை வெட்டிக்கொண்டாலும், மூச்சு முட்டினாலும், பிள்ளை பட்டனை விழுங்கினாலும் அங்கேதான் ஓடுவோம். அக்காவின் விரலில் மெஷின் ஊசி ஏறியபோது எடுத்துவிட்டதும் அவர்கள்தான். அதையெல்லாம் அக்கா இல்லையென்று சொல்லவில்லை. அவருக்கு ஆகாதது, முதல் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய சிஸ்டர்.

யாரை உடனே உள்ளே அனுப்புவது, யாரைக் காத்திருக்க வைப்பது என்று அந்த சிஸ்டர்தான் முடிவு செய்வார். மேசை வாசலில் இல்லை, கூடத்தின் மறுகோடியில். கதவைத் திறந்தால் முப்பது அடி நடக்க வேண்டும். சிஸ்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். எழுந்து வரமாட்டார். நடுவழியில் மேலேயிருந்து ஒரு காகிதக் காத்தாடி தொங்கும். ஃபேன் காற்றுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"காத்தாடி கட்ட நேரமிருக்கு, நோயாளி வந்தா எழுந்திரிக்க நேரமில்ல. மகாராணி," என்றார் அக்கா.

மேசையை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும், காத்தாடியைக் கழற்ற வேண்டும். இதுதான் மனு.

எனக்கும் கோபம் இருந்தது. போன மாதம் மாமியாரைக் கூட்டிப் போயிருந்தேன். அடிக்கு ஒரு தரம் முனகிக்கொண்டே அவர் அந்த முப்பது அடியையும் நடந்தார். நாங்கள் உட்காரும் முன்பே சிஸ்டர், "இடது முட்டிதானே? ஒரு மணி நேரம் ஆகும், உட்காருங்கம்மா" என்றுவிட்டார். வாயைத் திறக்கக்கூட விடவில்லையே என்று மாமியாருக்கு இன்னும் ஆறவில்லை.

நுரைக் கையோடு முதல் கையெழுத்தை நான்தான் போட்டேன். முதல் எழுத்து ஈரத்தில் ஊறிப்போனது.

நாலாம் நாள் என் பொண்ணுக்குச் சளி. ஒன்றரை வயது. காலையில் பால் குடிக்கவில்லை. மத்தியானம் அழவும் இல்லை. சமர்த்தாகத் தூங்குகிறாள், சளிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்களா என்றார் மாமியார். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். தலை என் தோளில் சாய்ந்துகொண்டது.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கூடத்தில் ஒருவர் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இருபது நிமிஷமாக நிற்கிறேன் என்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் போய் நான் என்ன சொல்வது? 'லேசாச் சளிதான் சிஸ்டர், ஒண்ணும் அவசரமில்ல' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பாதிதான் வந்திருப்பேன். எழுந்திரிக்காத சிஸ்டர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. ஓடிவந்து என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"சளிதான்..." என்றேன். கேட்க அங்கே ஆளில்லை.

நான் உள்ளே போவதற்குள் அவள் முகத்தில் ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள். சுற்றி மூன்று பேர். நெஞ்சு அடைத்துப்போய், அழக்கூடத் தெம்பில்லாமல்தான் சும்மா இருந்திருக்கிறாள் என்றார் டாக்டர். இன்னும் ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தால் என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் சாயந்திரம் அவள் ஊரைக் கூட்டி அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதே இல்லை, அவ்வளவு இனிப்பு. சிஸ்டர் எட்டிப் பார்க்க வந்தார். நானே வாயைத் திறந்து கேட்டேன். நான் ஒன்றும் சொல்லவே இல்லையே, அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று.

"வாயால கேட்டா பாதிப் பேர் ஒண்ணுமில்லம்பாங்க, மீதிப் பேர் உசுரு போகுதும்பாங்க. நடை பொய் சொல்லாதும்மா. யாருக்கு மூச்சு வாங்குது, யார் சுவரைப் பிடிக்கிறாங்க, எந்தக் கால் இழுக்குதுன்னு பார்க்கத்தான் மேசையை அங்க போட்டிருக்கேன்."

பொண்ணின் போர்வையை இழுத்துவிட்டுச் சொன்னார். "எவ்வளவு அழுதுக்கிட்டு வந்தாலும், குழந்தைங்க அந்தக் காத்தாடியை ஒரு தரம் பார்த்துடும். உன் பொண்ணு கண்ணைத் திறந்துதான் வச்சிருந்தா. பார்க்கல."

வீட்டுக்கு வந்ததும் நேரே தையல்காரக்காவிடம் போனேன். மனுவில் நாற்பது கையெழுத்து சேர்ந்திருந்தது. என்னுடையதை அடித்தேன். ஏன் என்றார். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். நான் அவ்வளவு பேசி அக்கா பார்த்ததில்லை.

மெஷினை நிறுத்திவிட்டு, ஊசி ஏறிய விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனுவை என் கையிலேயே கொடுத்தார்.

"அங்க இருக்கிற காத்தாடி வெளுத்துப்போச்சு. இது நல்ல கெட்டிப் பேப்பர்."

மனுவின் நாலு மூலையையும் வெட்டி, பின்பக்கம் சிவப்பு அடித்து, காத்தாடியாக மடித்துவிட்டேன். ஊறிப்போன என் எழுத்து சரியாக நடுவில் வருகிறது. அதில் குண்டூசியைக் குத்திக் குச்சியில் மாட்டினால் முடிந்தது. நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சிஸ்டரிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், இதோ பொண்ணு எழுந்துவிட்டாள், கண்ணை எடுக்காமல் இதையே பார்த்து "ம்மா, தா, தா" என்று கூப்பிடுகிறாள், இருடி, அம்மா வரேன், ஊசியைத் தொடாதே!