பின்னறைச் சுவர்

"அந்த வெடிப்பு மேலயே சாயத்தை அடிச்சு மூடிடுங்க லா, அப்பா! வாங்கறவர் என்ன, சுவரைச் சுரண்டியா பாக்கப் போறாரு?"

ரூபேந்திரன் கேட்டைத் திறக்கும்போதே கத்தினான். சிங்கப்பூரில் வேலை முடித்து, எல்லைப் பாலத்து நெரிசலில் வெந்து, அப்பா இருக்கும் பெக்கான் நானாஸ் வந்து சேர்கிறான். இந்நேரம் சாயம் அடித்து முடித்திருக்க வேண்டிய வீடு, பாதி தோல் உரித்தது போல நிற்கிறது. யாருக்குத்தான் கத்தத் தோன்றாது?

அப்பா செல்லப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னறைச் சன்னலுக்குக் கீழே வெளிப்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, சுத்தியல் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க வந்து கேளு. டொக்கு டொக்குன்னு வருதா? உள்ள பூச்சு விட்டுப்போச்சு. இதையும் பேத்து எடுக்கணும்."

"அலமாக்! நேத்து அந்தப் பக்கம், இன்னைக்கு இந்தப் பக்கமா? நாளைக்குக் கூரையைப் பிரிப்பீங்களா?"

"கூரை நல்லாத்தான் இருக்கு" என்றார் செல்லப்பன்.

வீட்டுக்கு விலை பேசி முடிந்தாகிவிட்டது. வாங்குகிறவர் திருச்செல்வம், கூலாய் ஊர்க்காரர். மாதக் கடைசியில் சாவி கைமாற வேண்டும். அதன்பின் செல்லப்பன் ஜொகூர் பாருவில் மகனோடு போய் இருந்துகொள்வதாக ஏற்பாடு. வெளிச்சுவருக்குச் சாயம் அடித்துக் கொடுத்தால் போதும் என்பதுதான் பேச்சு. ஆனால் அப்பா உளியைக் கையில் எடுத்த நாளிலிருந்து ரூபேந்திரனுக்குச் சந்தேகம்தான். வீட்டைவிட்டுப் போக மனசில்லாமல்தான் மனிதர் நாளைக் கடத்துகிறார், கடைசியில் விற்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவார் என்று பயந்தான். அப்படி மட்டும் ஆகக் கூடாது. இந்த விற்பனைக்காக அவன் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா?

"நான் ஆளைப் பிடிச்சிட்டு வர்றேன்ப்பா. சட்டுபுட்டுன்னு முடிச்சிடுவாங்க."

"ஆள் வந்தா வெடிப்பு மேலயே பூசிட்டுப் போயிடுவான். நானே அப்படித்தானே செஞ்சேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்! நாங்க இங்க இருந்தப்ப ஒவ்வொரு தீபாவளிக்கும் பாசி மேலயே சாயத்தை அடிப்பீங்க. பொங்கலுக்குள்ள உரிஞ்சு தொங்கும். வெடிப்பை அடைங்க, வெடிப்பை அடைங்கன்னு அம்மா கத்திக் கத்தியே ஓஞ்சு போனாங்க. அப்பல்லாம் வராத அக்கறை, இப்ப எவனோ வாங்கற வீட்டுக்கு வருதா?"

செல்லப்பன் முக்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார். உளியை வெடிப்பில் வைத்து ஒரு போடு போட்டார். பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் கறுத்துப்போய் நனைந்து கிடந்தது.

"பாத்தியா? மழைத்தண்ணி இது வழியாத்தான் உள்ள இறங்கியிருக்கு. பின்னறைச் சுவர் எப்படிக் காயும்?"

"அதான் ஈரம் தெரியாம அலமாரியை இழுத்து வெச்சு மறைச்சிட்டோம்ல. யாருக்குத் தெரியப் போகுது? பிரவீனா அக்கா போனதிலிருந்து அந்த ரூம் பூட்டித்தானே—"

"அவ பேச்சை எடுக்காதே."

தானாகவே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்று, பெற்ற மகளையே தலைமுழுகியவர் செல்லப்பன். கட்டினவன் பேரைக்கூட இதுவரை அவர் கேட்டதில்லை. எட்டு வருடமாக அந்த வீட்டில் பிரவீனா என்ற பெயர் புழங்கவில்லை.

"சும்மா நிக்காம அந்த பிரஷ்ஷை எடுத்துப் பாசியைத் தேய்" என்றார். கொஞ்சம் இறங்கிய குரலில், "அடியோட போகணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தான். பாதியில் கைப்பேசி அடித்தது. யார் என்று பார்த்ததும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ரம்புத்தான் மரத்தடிவரைக்கும் போய் நின்று பேசினான். வீடு வாங்குகிறவரிடம் அத்தனை மெதுவாகப் பேச என்னதான் இருக்கிறதோ!

அவன் திரும்பி வந்ததும், "யாரு?" என்றார் செல்லப்பன்.

"வேற யாரு, வாங்கறவருதான். ஒன்னாந்தேதி சாமான் ஏத்திட்டு வரலாமான்னு கேக்கறாரு."

"வர வேணாம்னு சொல்லு."

பயந்தது நடந்தே விட்டது!

"அப்பா, வாக்குக் குடுத்தாச்சுப்பா! இப்ப போய் மாட்டேன்னா நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுப் பேசுவேன்? விக்க இஷ்டமில்லன்னா முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல? இதுக்குத்தான் சுவரைப் போட்டு இந்தப் பாடு படுத்தினீங்களா?"

"யார்றா விக்க மாட்டேன்னது? சிமெண்டு வெச்சா காய வேணாமா? ஈரத்தோட சாயம் அடிச்சா மறுபடியும் பொருமிக்கிட்டு வரும். நல்லா வெயில் அடிக்கட்டும். அப்புறம் ஈரம் ஏறாம சீலர் பூசணும், அதுக்கப்புறம்தான் சாயம்."

"நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டீங்க. அவர்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

செல்லப்பன் சுத்தியலைக் கீழே வைத்தார். கையிலிருந்த தூசியைக் கைலியில் துடைத்தார். மகன் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்தபடி பேசினார்.

"வீடு பாக்க வந்த அன்னைக்கு மாப்பிள்ளை ஹாலைப் பாக்கல, குசினியைப் பாக்கல. நேரா பின்னறைக்குப் போயி, நாம மறைச்சு வெச்ச அலமாரியை நகத்திச் சுவரைத்தான் தொட்டுப் பாத்தாரு. அங்க ஈரத்துல படுத்துப் படுத்துத்தான்டா பிரவீனாவுக்கு இழுப்பே வந்துச்சு... நல்லா காஞ்சப்புறம் அவளைக் கூட்டிட்டு வரச் சொல்லு."